ஏஞ்சலா அகியின் ‘தெகமி’: பாடிக்கொண்டே பியானோ வாசிக்கப் பழகும் முறை

ஜப்பானியப் பாடகியும் பியானோ கலைஞருமான ஏஞ்சலா அகி, 2008 செப்டம்பரில் ‘தெகமி’ (கடிதம்) என்ற தனிப்பாடலை வெளியிட்டார். பதின்ம வயதில் அவர் தமக்கே எழுதி வைத்திருந்த கடிதத்தை அவருடைய தாயார் முப்பதாவது பிறந்தநாளில் அனுப்பி வைத்ததே இப்பாடலுக்கு வித்து. அதே ஆண்டு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே நடத்திய 75ஆவது தேசியப் பள்ளி இசைப்போட்டியின் நடுநிலைப்பள்ளிப் பிரிவுக்குரிய போட்டிப் பாடலாகவும் இது அமைந்தது. இன்றும் ஜப்பானியப் பள்ளிகளின் நிறைவு விழாக்களில் இதைப் பாடுகிறார்கள்.

இப்பாடலைக் கற்க விரும்புவோர் பியானோவை முதலில் திறக்க வேண்டியதில்லை. பதினைந்து வயதில் ஒருவர் எதிர்காலத்துத் தமக்கு எழுதும் கடிதத்தில் பாடல் தொடங்குகிறது. பெரியவரான பின் அவரே எழுதும் மறுமொழி அடுத்து வருகிறது. முடிவில் இளையவர் குரல் மீண்டும் ஒலிக்கிறது. யாருடைய சொல்லை நம்பி நடப்பது என்று முதற்பகுதியில் எழும் கேள்விக்கு, உன் குரலையே நம்பி நட என்று இரண்டாம் பகுதி விடை சொல்கிறது. ஆகவே எந்த வரியை எந்த வயதினர் சொல்கிறார் என்பதை வரிகளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, அவற்றை ராகமின்றி உரக்க வாசித்துப் பழக வேண்டும். இதைச் செய்யாமல் பாடத் தொடங்கினால் இரண்டு குரல்களும் ஒன்றாகிவிடும், கடிதம் என்ற உணர்வே போய்விடும்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிய மொழியிலும் குறில், நெடில் வேறுபாடு பொருளையே மாற்றும். இரட்டித்து வரும் மெய்களும் அங்கு உள்ளன. எனவே நெடிலைக் குறுக்காமலும் குறிலை நீட்டாமலும் இருக்க நம் காது எளிதில் பழகும். ஆனால் அசையின் முடிவில் வரும் ‘ன்’ ஒலி தனக்கென ஒரு மாத்திரையை எடுத்துக்கொள்ளும் என்பதை மனத்தில் இருத்த வேண்டும். பாட்டில் பல இடங்களில் அதற்குத் தனி சுரமே கிடைக்கும். சொல்லின் முதலில் வரும் க, த ஒலிகளுக்கு வல்லொலி (k, t), மெல்லொலி (g, d) வேறுபாடு உண்டு; தமிழ் எழுத்து அதைக் காட்டாது என்பதால், தமிழில் எழுதிவைத்துப் படிப்பவர்கள் பதிவை உடன் கேட்பது அவசியம்.

இசைக்குறிப்பை வாங்கும்போது, பாடகரே வாசிப்பதற்கான பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். கூட்டுப்பாடலுக்கான பதிப்பின் பியானோ பகுதி, பாடாமல் பியானோ மட்டும் வாசிக்கும் ஒருவருக்காக எழுதப்பட்டது. தொடக்கத்தில் இடது கையால் ஒவ்வொரு கார்டின் (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்களின் தொகுதி) அடிச்சுரத்தை மட்டும் வாசித்து முழுப்பாடலையும் பாடிவிடுங்கள். அது தடுமாற்றமின்றி வந்த பிறகே வலது கையில் கார்டுகளைச் சேர்க்க வேண்டும். பாடும் ராகத்தையே வலது கையிலும் வாசிக்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். அது குரலை மறைத்துவிடும். கார்டு மாறும் ஒவ்வொரு முறையும், ஒலியை நீட்டிக்கும் கால் பெடலை விட்டு மீண்டும் அழுத்தாவிட்டால் ஒலி கலங்கி, சொற்கள் அதில் மூழ்கும்.

அமர்ந்து பாடும்போது விசைகளை நோக்கிக் குனிந்தால் மூச்சு குறையும் என்பதால், இருக்கையின் உயரத்தைச் சரிசெய்து முதுகை நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பல்லவியில் குரலை முழுவதும் திறக்காமல், பெரியவரின் மறுமொழிக்கு வலுவைச் சேமிப்பது என் கருத்தில் சரியானது. ஆறுதல் சொல்பவரின் குரலில்தான் உறுதி வேண்டும். உச்சத்தில் தொண்டை இறுகினால் சுருதியை அரையோ ஒன்றோ படி இறக்கிக்கொள்வதில் குறையேதும் இல்லை. மின் கீபோர்டில் அதற்கான பொத்தானே இருக்கிறது.

இவ்வளவும் கைவந்த பின் கைப்பேசியில் பதிவுசெய்து, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பியானோவால் மறைந்த சொற்களின் கீழே கோடிட்டு, அந்த இடங்களில் மட்டும் இரு கைகளின் அழுத்தத்தையும் குறைத்து மறுபடி பழகுங்கள்.