வியன்னா அருகே பாடன்: ஒருநாள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற செப்டம்பரில் ஒரு மாலை, வியன்னாவுக்குத் தெற்கே 26 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாடன் ஊரின் மேட்டுத் தெரு ஒன்றில், பூட்டிய மரக்கதவின் முன்னால் ஓர் இளம் தம்பதி நின்றுகொண்டிருந்தனர். கைப்பேசியில் இருந்த படத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துத் தமிழில் ஏதோ பேசிக்கொண்டனர். எனக்கு மனம் சுருக்கென்றது. பதினோரு ஆண்டுகளுக்கு முன், அதே கதவின் முன்னால் என் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் அப்படியே நிற்க வைத்தவன் நான்.

வியன்னாவில் குடியேறிய நாள் முதல், ஊரிலிருந்து வரும் உறவினரையும் நண்பரையும் பாடனுக்கு அழைத்துச் செல்வது என் வழக்கமாகிவிட்டது. ரயிலில் போனால் ஏறக்குறைய அரை மணி நேரம். ஓபெரா மாளிகை அருகிலிருந்து புறப்படும் பாட்னர் பான் என்னும் டிராமில் போனால் ஒரு மணி நேரம். ஜெர்மனியில் இருக்கும் பாடன்-பாடனையும் இந்த ஊரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பன போன்ற அறிவுரைகளை யாரும் சொல்வார்கள். நான் எழுத நினைப்பவை, விவரம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்.

அதற்கு முன், இந்த ஊரின் இயல்பைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆல்ப்ஸ் மலையின் கிழக்கு விளிம்பு வியன்னா வடிநிலத்துக்கு இறங்கும் இடத்தில், நிலத்தடியில் நீண்ட பிளவு ஒன்று ஓடுகிறது. அதன் வழியே மேலேறும் கந்தக வெந்நீர் பாடனில் 14 ஊற்றுகளாக வெளிப்படுகிறது. ரோமர்கள் இந்த இடத்தை 'அக்வே', அதாவது நீர், என்றே அழைத்தார்கள். அதே மலை விளிம்பின் வெயில் படும் சரிவுகளில், சுண்ணாம்பு கலந்த மண்ணில், திராட்சை விளைகிறது. இந்த ஒயின் வட்டாரத்தின் பெயரே 'தெர்மன்ரெகியோன்', வெந்நீரூற்று வட்டாரம். குளியலும் ஒயினும் இங்கே ஒரே நிலத்தின் இரண்டு விளைச்சல்கள் என்பதால், இரண்டுக்கும் உரிய நேரத்தை இந்த ஊர்தான் தீர்மானிக்கிறது. நாம் போட்டுக்கொண்டு வரும் அட்டவணை அல்ல.

கிளை தொங்காத வாசலைத் தேடிப் போவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

'ஹொய்ரிகர்' என்ற சொல்லுக்கு 'இவ்வாண்டினது' என்று பொருள். புது ஒயினுக்கும் அதுவே பெயர். அந்த ஒயினைத் தோட்டக்காரர் தம் வீட்டு முற்றத்தில் விற்கும் இடத்துக்கும் அதுவே பெயர். நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளன்று, அதுவரை புதியதாக இருந்த ஒயின் பழையதாகிவிடும். அண்மையில் அறுவடையான திராட்சையின் ஒயின் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளும். தாம் விளைவித்த உணவையும் ஒயினையும் எவரும் விற்றுக்கொள்ளலாம் என்று பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784 ஆகஸ்ட் 17 அன்று பிறப்பித்த ஆணையே இந்த வழக்கத்தின் சட்ட அடிப்படை. ஆகவே உண்மையான ஹொய்ரிகர் என்பது உணவகம் அல்ல. ஒரு விவசாயக் குடும்பத்தின் வீடு. பரிமாறுகிறவர்களே கொடியைக் கவாத்து செய்ய வேண்டும், கோடையில் இலை கிள்ள வேண்டும், இலையுதிர்காலத்தில் அறுவடைக்கும் போக வேண்டும். அதனால் அவர்கள் ஆண்டில் சில வாரங்கள் திறப்பார்கள், பிறகு சில வாரங்கள் மூடுவார்கள். ஒரு வீடு மூடும்போது வேறொரு வீடு திறக்கும்.

திறந்திருக்கும் வீட்டின் வாசலுக்கு மேலே ஊசியிலை மரத்தின் பச்சைக் கிளைக் கொத்து ஒன்று தொங்கும்; இருட்டிய பின் அதனருகே விளக்கு எரியும். 'அவுஸ்க்ஷ்டெக்ட்' என்று இங்குள்ளவர்கள் சொன்னால், கிளை வெளியே வைக்கப்பட்டிருக்கிறது, உள்ளே வரலாம் என்று பொருள்.

இவற்றில் ஒன்றுமே அன்று எனக்குத் தெரியாது. அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு முற்றத்து வாதுமை மர நிழலில் அமர்ந்து குடித்த ஒயின் நாவிலேயே இருந்ததால், ஜூலையில் மதுரையிலிருந்து வந்த பெரியப்பாவையும் பெரியம்மாவையும் அதே வீட்டுக்குத்தான் அழைத்துப் போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அவர்களுக்கு ஐரோப்பாவில் அது கடைசி மாலை. முழங்கால் வலியைச் சொல்லாமல் பெரியம்மா நாற்பது நிமிடம் மேடேறி வந்தார். கதவு பூட்டியிருந்தது. அந்த வீட்டார் மூன்று வாரங்களாகத் தோட்ட வேலையில் இருக்கிறார்கள், ஆகஸ்டில்தான் திறப்பார்கள் என்று பக்கத்து வீட்டு மூதாட்டி சொன்னார். இறங்கி வரும் வழியில் ஒரு வாசலில் பச்சைக் கிளைக் கொத்தைப் பார்த்தேன், விளக்குக்கூட எரிந்துகொண்டிருந்தது. ஏதோ பண்டிகை அலங்காரம் என்று நினைத்து, அந்த வாசலைக் கடந்து அவர்களை ரயில் நிலையத்துக்கு நடத்திச் சென்றேன். பெரியப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் அவர்கள் விமானம் ஏறினார்கள். அதன்பின் பெரியம்மா எங்கும் பயணம் செய்யும் நிலையில் இல்லை.

ஆகவே, வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு நாளைத் தேடாதீர்கள். எந்த நாள் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அன்று எந்தெந்த வீடுகளில் கிளை தொங்கும் என்று பாருங்கள். இதற்கென்றே ஹொய்ரிகர் நாட்காட்டி வெளியிடப்படுகிறது. சுற்றுலா அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பாடனில் மனதுக்குப் பிடித்த வீடு திறக்கவில்லையெனில், வடக்கே ப்ஃபாஃப்ஷ்டெட்டனும் கும்போல்ட்ஸ்கிர்ஹெனும், தெற்கே சோஸும் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் உணவகங்களும் இந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொள்வதுண்டு; அவை வேறு வகை.

உள்ளே சென்றபின் சூடான உணவை எதிர்பார்க்க வேண்டாம். பழைய முறைப்படி நடக்கும் வீடுகளில் ரொட்டியும் அதன்மேல் தடவும் பண்டங்களும் ஆறிய இறைச்சியும்தான் கிடைக்கும். சைவ உணவுக்காரர்கள் லிப்டவர் என்னும் மிளகாய்ப்பொடி கலந்த பாலாடைக்கட்டித் தடவலைக் கேட்கலாம். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு. ஒயின் குடிப்பவர்கள், வேறு எங்கும் அரிதாகவே பயிராகும் ரோட்கிப்ஃப்லரையும் ட்ஸீர்ஃபாண்ட்லரையும் விட்டுவிட்டு, எங்கும் கிடைக்கும் வகையைக் கேட்பது எனக்கு வருத்தமளிக்கிறது. இரண்டும் வெள்ளை ஒயின்கள். ட்ஸீர்ஃபாண்ட்லரின் பழம் முதிரும்போது செந்நிறம் பெறுவதால் அதற்கு 'தாமதச் சிவப்பு' என்று பொருள்படும் ஷ்பெட்ரோட் என்ற பெயரும் உண்டு.

அன்று கதவின் முன் நின்ற தம்பதியை நான் அடுத்த சந்துக்கு அழைத்துச் சென்றேன். அங்கே கிளை தொங்கியது.

ஒயினுக்குப் பிறகு வெந்நீர்

ஊற்று நீரின் வெப்பம் 36 டிகிரி வரை இருக்கும். மதுவும் வெந்நீரும் தனித்தனியே இரத்தக் குழாய்களை விரித்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பவை. இரண்டும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கண் இருண்டுவிடும். மதிய உணவோடு இரண்டு கோப்பை குடித்துவிட்டுக் குளத்தில் இறங்கிய நண்பர் ஒருவரைப் படியிலிருந்து தாங்கிப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். காலையில் குளியல், பிறகு ஓய்வு, பிறகு ஊர், மாலையில் ஒயின் என்பதே சரியான வரிசை. அழுகிய முட்டையின் வாடை கந்தகத்தினுடையது. சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடும். குடும்பத்தோடு செல்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: குளங்களில் நீச்சலுடை கட்டாயம், ஆனால் ஆஸ்திரிய நீராவிக் குளியலறைப் பகுதிகளில் ஆண்களும் பெண்களும் ஆடையின்றி இருப்பதே வழக்கம்.

வெள்ளி நகை

கொலுசையும் மெட்டியையும் கழற்றிவிட்டு இறங்குங்கள். கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும்.

பெரிய மாளிகையைத் தேடுவது

வியன்னாவின் ஷோன்ப்ரூன் அரண்மனையைப் பார்த்த மறுநாள் இங்கு வருகிறவர்கள், "இங்கே பெரிதாக ஒன்றுமில்லையே" என்கிறார்கள். அவர்கள் எதையோ தேடி, கண்முன் இருப்பதைத் தவறவிடுகிறார்கள். 1812 ஜூலையில் ஒரு தீ இந்த ஊரின் பெரும்பகுதியை அழித்தது. பேரரசர் முதலாம் ஃபிரான்ஸ் கோடைகளைக் கழிக்கும் ஊராக இருந்ததால், விரைவாகவும் ஏறக்குறைய ஒரே பாணியிலும் அது திரும்பக் கட்டப்பட்டது. அதில் முதன்மையான பங்கு கட்டடக் கலைஞர் யோசெஃப் கோர்ன்ஹொய்செலுடையது. மஞ்சள் பூசிய தாழ்ந்த சுவர்கள், மெல்லிய தூண்கள், அளவான சன்னல்கள் என்று தெருத்தெருவாக நடந்தால்தான் அந்த ஒழுங்கு கண்ணில் படும். 2021இல் ஏழு நாடுகளைச் சேர்ந்த 11 வெந்நீரூற்று நகரங்களை யுனெஸ்கோ ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, பாடனும் அவற்றில் ஒன்றாக இருந்தது.

இரண்டு இடங்களை மட்டும் அவசரமாகப் பார்க்காதீர்கள். ராட்ஹவுஸ்காசெ 10 என்ற முகவரியில் உள்ள சிறிய வீட்டில் பீத்தோவன் 1821 முதல் 1823 வரை மூன்று கோடைகளில் தங்கினார். ஒன்பதாவது சிம்பொனியின் பகுதிகளை அங்கேதான் எழுதினார். பாடனில் உள்ள புனித ஸ்டீபன் தேவாலயத்தின் பாடகர் குழுத் தலைவராக இருந்த ஆன்டன் ஷ்டோலுக்காக மோட்சார்ட் 'ஆவே வேரும் கோர்பூஸ்' என்ற பாடலை இந்த ஊரில் 1791 ஜூனில் எழுதினார். வெறும் 46 தாளப் பகுதிகள் (bars) கொண்ட சிறிய பாடல். அவர் அதே ஆண்டு டிசம்பரில் இறந்துவிட்டார். காதொலிக் கருவியை எடுத்துச் சென்று, அந்தத் தேவாலயத்தின் பலகையில் அமர்ந்து அதைக் கேளுங்கள்; மூன்று நிமிடம் போதும்.

திங்கட்கிழமை

பீத்தோவன் வீடு மூடியிருக்கும்.

ஷ்டுர்ம் புட்டியைப் படுக்க வைப்பது

செப்டம்பரிலும் அக்டோபரிலும் பாதி நொதித்த, கலங்கிய திராட்சைச் சாறு ஷ்டுர்ம் என்ற பெயரில் விற்கப்படும். புட்டிக்குள்ளும் நொதித்தல் தொடர்வதால், வாயு வெளியேறும்படி மூடியைத் தளர்வாகவே வைத்திருப்பார்கள். அதை இறுக்கி மூடவும் கூடாது, பைக்குள் படுக்க வைக்கவும் கூடாது. ரயிலில் வீடு வரும்வரை கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.