பாம்பன் மொட்டைமாடியில் விமான சிக்னல் பிடிக்க

விமானம் தான் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் சொல்லிக்கொண்டே பறக்கிறது. அந்த ஏடிஎஸ்-பி சிக்னலைப் பிடிக்கும் ஆன்டெனாவை அரை மணி நேரத்தில் செய்துவிடலாம்.

அலைநீளம் 275 மி.மீ., அதில் கால் பங்கு 69 மி.மீ. நாலு துளையுள்ள என்-டைப் சாக்கெட்டின் (கேபிளைத் திருகி மாட்டும் இணைப்பான்) நடு ஊசியில் 2 மி.மீ. ஒற்றைச் செம்புக் கம்பியைப் பற்றவைத்து, தட்டிலிருந்து அளந்து 69 மி.மீ.-இல் வெட்டுங்கள். துளைக்கு ஒன்றாக அதே நீளத்தில் நாலு கம்பிகளைப் பற்றவைத்து, 45 பாகை கீழ்நோக்கி வளையுங்கள். நடுக்கம்பி செங்குத்தாகவே நிற்க வேண்டும். இழைக்கம்பி வேண்டாம், காற்றில் வளைந்துவிடும்.

ஆன்டெனாவிலிருந்து ரிசீவருக்கு, கேபிள் டிவிக்காரர்கள் போடும் ஆர்ஜி-6 கேபிள் போதும். ஆன்டெனா 50 ஓம், இது 75 ஓம் என்று தயங்க வேண்டாம், அதனால் வரும் இழப்பு மிகச் சொற்பம். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் போட்டால்தான் 10 மீட்டருக்குள் முக்கால் பங்கு சிக்னல் போய்விடும்.

அடுத்தது உயரம். ஆன்டெனா, விமானம் இரண்டின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். 10 மீட்டர் கம்பத்துக்கு, 35,000 அடியில் பறப்பது சுமார் 440 கி.மீ. வரை தெரியும். மதுரையில் இறங்குவது ஏறத்தாழ 3,000 அடிக்குக் கீழும், கொழும்பு அருகே கட்டுநாயக்காவில் இறங்குவது 10,000 அடியை நெருங்கும்போதும் மறையும். அது பூமியின் வளைவு. ஆம்ப்ளிஃபையர் வாங்கி அதை வெல்ல முடியாது. கம்பத்தை 20 மீட்டராக்கினாலும் கூடுவது 5 கி.மீ.தான். தென்னை மட்டைகளுக்கு மேலே ஆன்டெனா நின்றால் போதும், அதற்குக் கட்டாயம் செலவழியுங்கள்.

கடலோர வீட்டுக்காரர்களைக் குழப்புவது வேறொன்று. 10 மீட்டர் கம்பத்துக்கு, 35,000 அடியில் பறக்கும் விமானம் சுமார் 325 கி.மீ. தூரத்திலும் சுமார் 250 கி.மீ. தூரத்திலும் மங்கி, மறுபடி தெளியும். நேராக வரும் அலையும் கடலில் பட்டுத் திரும்பும் அலையும் அங்கே ஒன்றையொன்று அழிக்கின்றன. கடல் அமைதியாக இருக்கும்போது இது கூடுதலாகத் தெரியும். கம்பத்தை ஒரு மீட்டர் ஏற்றி இறக்கினால் மங்கும் இடமும் நகரும். அப்படி நகர்ந்தால் ஆன்டெனாவில் பழுதில்லை.

எல்லாத் திசையிலும் தூரம் வாரம் தோறும் குறைந்துகொண்டே வந்தால் உப்புதான் காரணம். கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் அதை வெட்டிப் புதிதாகப் போட்டு, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.