டிஃபெண்டர் ஜீப்பின் டீசல் பம்ப்பைக் கூட்டும் முன்: மலையில் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலைநாட்டில் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்பவர் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் "பம்ப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் இழுவை வருமாமே" என்பதில் வந்து நிற்கும். வரும், அதில் சந்தேகமே இல்லை. டிஃபெண்டரில் 1994இல் வந்த 300டிடிஐ டீசல் எஞ்சின் 2,495 சிசி. கம்பெனி அதற்குக் கொடுத்தது 111 குதிரைத்திறனும் 265 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும். அதற்கு மேலும் தரக்கூடிய எஞ்சின்தான். அதற்கு டீசலை அளந்து அனுப்பும் பாஷ் விஇ பம்ப்பில் கணினி கிடையாது. ஸ்பிரிங், டயபிரம், ஸ்க்ரூ, அவ்வளவுதான். ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் கால் மணி நேரத்தில் டீசலைக் கூட்டிவிடலாம்.

அந்தச் சுலபம்தான் பயமாக இருக்கிறது. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு 110 ஜீப்பின் எஞ்சினைப் பிரித்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன். மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் தலை ஓரத்தில் அலுமினியம் மெழுகுபோல் வழிந்து உறைந்திருந்தது. விரல் நகம் உள்ளே போகுமளவு பள்ளம். ஆறு மாதத்துக்கு முன் யாரோ பம்ப்பைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். "நல்லா இழுத்துச்சு அண்ணே, கடைசி வரைக்கும் நல்லாத்தான் இழுத்துச்சு" என்று டிரைவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது முழுக்க உண்மை. எஞ்சின் உருகும் நாள்வரை நன்றாகத்தான் இழுக்கும். அதனால் இழுவையை வைத்து டியூனிங் சரியா தவறா என்று முடிவு செய்ய முடியாது.

பெட்ரோல் கணக்கை டீசலில் போடுவது

மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர் பார்த்துப் பழகியவர்கள் எல்லோருக்கும் இந்தத் தவறு வரும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும், சற்றுக் கூட்டினால் தணியும். டீசலில் அப்படியே தலைகீழ். காற்று எப்போதும் மிச்சமாக இருக்கும். ஊற்றும் டீசல்தான் சூட்டைத் தீர்மானிக்கிறது. கூட்டக் கூட்டச் சூடு ஏறும். ஒரு கிலோ டீசல் எரிந்து முடிய ஏறத்தாழ பதினாலரை கிலோ காற்று வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் ஒழுங்காகக் கலக்க நேரம் போதாததால், புகையில்லாமல் எரிய அதைவிடக் கணிசமாக அதிகம் காற்று தேவை. பின்னால் கரும்புகை தொடர்ந்து வருகிறதென்றால் முழுதாக எரியாத டீசல் வெளியே போகிறது; எரிந்த டீசலோ உள்ளே எல்லாவற்றையும் வாட்டிக்கொண்டிருக்கிறது. கியர் மாற்றி மிதிக்கும் நொடியில் டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை ஊதும் சக்கரம்) சுற்றேறும் வரை ஒரு சிறு புகைமூச்சு வரலாம், அது பரவாயில்லை. ஏற்றம் முழுக்கப் புகை போனால் அந்த டியூனிங் தவறு.

நோயுள்ள எஞ்சினை டியூன் செய்வது

பம்ப்பைக் கூட்டச் சொல்லி வரும் ஜீப்புகளில் பலவற்றுக்குக் கூட்டல் தேவையே இல்லை. முன்பு இழுத்த ஜீப் இப்போது இழுக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் டீசலைக் கூட்டினால் கெட்டது அப்படியே இருக்க, அதன்மேல் சூடும் ஏறும்.

முதலில் பார்க்க வேண்டியது பம்ப்பின் தலையில் இருக்கும் ரப்பர் டயபிரம். டர்போவின் அழுத்தம் ஒரு சிறு குழாய் வழியே வந்து அதை அழுத்தும். அழுந்த அழுந்த டீசல் கூடும். இருபது, இருபத்தைந்து வருடமான பம்ப்பில் அந்த ரப்பர் காய்ந்து, பழைய பலூனைப்போல் விரலில் ஒட்டாமல் சுருங்கியிருக்கும். மூடியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றித் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மடிப்பு விழும் வட்டத்தில் மயிரிழை மாதிரி ஒரு கிழிசல் தெரிந்தால் போதும், டர்போ எவ்வளவு ஊதினாலும் பம்ப்புக்குச் செய்தி போகாது. அந்தச் சிறு குழாயில் வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான். இது தெரியாமல் டீசலைக் கூட்ட பம்ப்பின் பின்பக்கத்துப் பெரிய ஸ்க்ரூவைத் திருகிவிட்டவர்கள் ஏராளம். பிறகு ஒருநாள் யாரோ டயபிரத்தை மாற்றுகிறார்கள். அந்தக் கணமே இரண்டு கூட்டலும் சேர்ந்து எஞ்சினுக்கு அளவுக்கு மீறிய டீசல் போகிறது.

அடுத்தது, டர்போ ஊதும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்கள். ஏற்றத்தில் மிதிக்கும்போது "உஸ்" என்று கேட்டால், அல்லது ஹோஸ் வாயில் எண்ணெய்க் கறை படிந்திருந்தால், ஊதிய காற்று வழியிலேயே போகிறது. சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டேப்பெட் இடைவெளி, பம்ப் டைமிங் இவையெல்லாம் சரியான பிறகே டியூனிங் பற்றி யோசிக்கலாம். இன்ஜெக்டரையும் விட்டுவிடாதீர்கள். டீசலைத் தூறலாக விடாமல் சொட்டவிடும் ஒரே ஒரு இன்ஜெக்டர் போதும், அந்த ஒரு பிஸ்டனை எரிக்க. மேலே சொன்ன ஜீப்பில் மற்ற மூன்று பிஸ்டன்களும் நன்றாகத்தான் இருந்தன.

சூடு பார்க்கும் மீட்டர் இல்லாமல் தொடுவது

இதை மட்டும் யாரோடும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எக்ஸாஸ்ட் வாயுவின் சூட்டைக் காட்டும் மீட்டர் இல்லாமல் பம்ப்பில் கை வைக்கக்கூடாது. டாஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள் கூலன்ட்டின் சூட்டைத்தான் காட்டும். பிஸ்டன் உருகும் நேரத்திலும் அது நடுவிலேயே நிற்கலாம்.

மீட்டரின் முனையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வைக்க வேண்டும். வேலை சுலபம் என்று டர்போவுக்குப் பின்னால் குழாயில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். டர்போ வாயுவிலிருந்து சக்தியை எடுத்துக்கொள்வதால் அங்கே நூறு, இருநூறு டிகிரி குறைவாகக் காட்டும், அதுவும் தாமதமாக. மேனிஃபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் துளையிட வேண்டும். வண்டியிலேயே துளைத்தால் இரும்புத் தூள் நேரே டர்போ சக்கரத்துக்குப் போகும்.

நீண்ட ஏற்றத்தில், முழு மிதியில், டர்போவுக்கு முன் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது என் வழக்கம். அலுமினியம் 660 டிகிரியில் உருகுமே என்று கேட்கலாம். வாயுவின் சூடு அப்படியே பிஸ்டனின் சூடாகிவிடாது. 300டிடிஐயில் பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கு எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்க ஜெட் இருக்கிறது. ஆனால் அந்தக் குளிர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. பத்து நொடி 720 காட்டிவிட்டு இறங்குவதும் பத்து நிமிடம் அங்கேயே நிற்பதும் ஒன்றல்ல.

எந்த ஸ்க்ரூ எதற்கு என்று தெரியாமல் திருகுவது

பம்ப்பில் டீசலைக் கூட்ட நான்கு இடம் இருக்கிறது, நான்கும் வேறு வேறு வேலை செய்பவை. மூடியின் நடுவில் இருக்கும் ஸ்க்ரூ, பூஸ்ட் (டர்போ ஊதும் காற்றின் அழுத்தம்) வராத நேரத்து டீசலுக்கு. அதைக் கூட்டினால் புறப்படும்போது சற்றுச் சுறுசுறுப்பு வரும், கூடவே புகையும். டயபிரத்தின் கீழே தொங்கும் ஊசி ஒருபக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் கடையப்பட்டிருக்கும். டயபிரத்தைச் சுழற்றி வைத்தால் பூஸ்ட் வரும்போது எவ்வளவு டீசல் கூடும் என்பது மாறும். ஸ்பிரிங்கின் கீழே இருக்கும் பல்சக்கரம், அந்தக் கூடுதல் எவ்வளவு சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதற்கு. கடிகாரச் சுற்றில் திருப்பினால் சக்கரம் இறங்கி ஸ்பிரிங் தளரும், குறைந்த பூஸ்டிலேயே டீசல் ஏறத் தொடங்கும்.

நான்காவதுதான் பின்பக்கத்தில், இன்ஜெக்டர் குழாய்கள் கிளம்பும் பக்கம் இருக்கும் பெரிய ஸ்க்ரூ. பலர் முதலில் கை வைப்பது இதில்தான், ஏனென்றால் வித்தியாசம் உடனே தெரியும். அது எல்லா நிலையிலும் ஒரே அடியாக டீசலைக் கூட்டும், ஐட்லிங்கும் ஏறும். எல்லை மீறினால் காலை எடுத்தாலும் எஞ்சின் சுற்று இறங்காமல் பறக்கும். உடல்நலமுள்ள 300டிடிஐக்கு டயபிரமும் பல்சக்கரமுமே போதும் என்பது என் கருத்து. பெரிய ஸ்க்ரூவின் சீலை உடைக்கவே வேண்டாம். உடைத்தே ஆக வேண்டும் என்றால் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரு தடவையில் போகாதீர்கள்.

எதைத் தொட்டாலும் தொடுவதற்கு முன் பெயின்ட் பேனாவால் ஓர் அடையாளக் கோடு போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் அதே ஏற்றத்தில், அதே பாரத்தோடு ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூடியைத் திறக்கும் முன் சுற்றுப்புறத்தை நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால் பம்ப்பின் ஆயுள் குறையும்.

பூஸ்டைக் கூட்டினால் போதும் என்று நினைப்பது

பூஸ்ட் அளவு மீறாமல் வாயுவைத் திறந்துவிடும் கதவுதான் வேஸ்ட்கேட். அதன் கம்பியைக் குறுக்கினால் பூஸ்ட் ஏறும். கம்பெனி அளவு ஏறத்தாழ 0.8 முதல் 1 பார். காற்று கூடினால் சூடு தணியும் என்பது ஓரளவுக்குத்தான் சரி. அந்தச் சிறிய டர்போ தன் அளவுக்கு மேல் ஊதும்போது காற்றை அழுத்துவதைவிடச் சூடாக்குவதே அதிகம்; பழைய இன்டர்கூலரால் அந்தச் சூட்டை வாங்க முடியாது. 1.1 பாரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பூஸ்ட் மீட்டரில் முள் திடீரென 1.3, 1.4 என்று போனால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. வேஸ்ட்கேட்டுக்குப் போகும் ஹோஸ் வெடித்திருக்கலாம், அல்லது வேஸ்ட்கேட் இறுகியிருக்கலாம். உடனே காலை எடுங்கள்.

கொழும்பில் டியூன் செய்து நுவரெலியாவுக்கு ஏறுவது

மலையில் ஓட்டுபவர்களுக்கு மட்டும் உரிய தவறு இது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். கொழும்பில் மீட்டர் 0.9 பார் காட்டும்போது எஞ்சினுக்குள் போகும் மொத்த அழுத்தம் 1.9 பார். நுவரெலியாவில் அதே 0.9 காட்டும்போது மொத்தம் 1.7தான். முள் ஒரே இடத்தில் நிற்கிறது, காற்றோ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பம்ப்பின் டயபிரத்துக்கு இது தெரியாது. வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும்தான் அது உணரும். எனவே டீசலைக் குறைக்காது. பூஸ்ட் வராத நிலையில் இன்னும் மோசம்: ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு, டீசல் அதே அளவு. நுவரெலியாவுக்கு ஏறும் பாதையின் றம்பொடை வளைவுகளில் முதல் கியரில் திரும்பி மேலே மிதிக்கும்போது ஜீப்புகள் கரும்புகை கக்குவதற்கு இது பெரிய காரணம்.

டர்போவுக்கும் இதில் பங்கிருக்கிறது. மெல்லிய காற்றிலிருந்து அதே 0.9 பாரை எடுக்க அது கொழும்பில் சுற்றியதைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். ஏற்கெனவே பூஸ்டைக் கூட்டி வைத்திருந்தால் அந்தச் சுமை இரட்டிப்பாகத் தெரியும்.

ஆகவே ஜீப் எங்கே அதிகம் உழைக்கிறதோ அங்கே டியூன் செய்யுங்கள். கம்பளை தாண்டி புசல்லாவை வழியாக ஏறும் பாதையின் மேல்பாதியில், கூரையில் சாமானும் உள்ளே ஆட்களுமாக ஓட்டி, சூட்டு மீட்டரைப் பார்த்துப் பார்த்துக் குறைத்து வாருங்கள். மேலே சரியாக இருப்பது கீழே நிச்சயம் பாதுகாப்பாக இருக்கும். கீழே சரியாக இருப்பது மேலே எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

மற்றவை

கூலன்ட் முழுக்க இறங்கிவிட்டால் டெம்பரேச்சர் முள் ஏறாது, சில சமயம் இறங்கக்கூடச் செய்யும். சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கிறது. அலுமினியம் ஹெட் வளைந்த பிறகுதான் விஷயம் தெரியும். 300டிடிஐயின் தெர்மோஸ்டாட் உறையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைப் பித்தளைக்கு மாற்றி, கூலன்ட் குறைந்தால் கத்தும் அலாரம் ஒன்றையும் போட்டுவிட்டு டியூனிங்குக்கு வாருங்கள். முறுக்குவிசை ஏறினால் கிளச்சும் அதன் ஃபோர்க்கும் சீக்கிரம் தேயும், அதற்கும் காசு எடுத்து வைக்க வேண்டும். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை இருக்கிறது. பரிசோதனைக்கு முதல்நாள் குறைத்து மறுநாள் கூட்டுவது என்று பம்ப்போடு விளையாடினால் அடையாளக் கோடே தொலைந்துபோகும்.

ஏற்றம் முடிந்ததும் சாவியைத் திருப்பி நிறுத்திவிடாதீர்கள். இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். இல்லாவிட்டால் டர்போவின் பேரிங்கில் நிற்கும் எண்ணெய் கருகிக் கட்டியாகும்.

அந்த பேரிங்கும் சீலும் போனபின் டர்போ எண்ணெயை உறிஞ்சி எஞ்சினுக்கே தீனியாகப் போட்டுவிடும். அப்போது சாவியை எடுத்தாலும் எஞ்சின் நிற்காது, ஏனென்றால் அது ஓடுவது டீசலில் அல்ல. டிரைவர் செய்ய வேண்டியது: உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கி மிதித்து, கிளச்சை விட்டு எஞ்சினை அணைப்பது. அது முடியாவிட்டால் காற்று உள்ளே வரும் வாயைப் பலகையாலோ தடித்த புத்தகத்தாலோ அடைப்பது. கையாலும் துணியாலும் ஒருபோதும் அடைக்கக்கூடாது. கையைப் பிடித்து இழுத்துவிடும், துணியை விழுங்கிவிடும்.

டியூன் செய்த ஜீப்பின் பொனட்டுக்கு உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டி வையுங்கள். டயபிரம் எந்த அடையாளத்திலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறது, பல்சக்கரம் எத்தனை பல், பூஸ்ட் எவ்வளவு, எந்த ஏற்றத்தில் எத்தனை டிகிரி, எந்தத் தேதி. ஜீப் கைமாறும், கராஜ் மாறும். அடுத்து பம்ப்பைத் திறப்பவர் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் படிப்பார்.