பேனாவை மாத்தினேன், எழுத்து வந்துச்சு
ரெண்டு மாசமா ஒரு வரிகூட எழுதல. விடியக்காலைல உக்காந்தா குளிர்ல விரல் மரத்துப்போயிருக்கும், பால்பாயிண்ட் பேனாவோ நாலு தடவ கிறுக்கினாத்தான் ஓடும், அதுவும் பாதி வார்த்தைல நின்னுடும், நான் என்னடான்னா கற்பனைதான் வத்திப்போச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது, அது எண்ணெய்ப்பசை மை, குளிர்ல கெட்டியாயிடும். பென்சிலுக்கு மாறினேன், கிராஃபைட்டுக்கு குளிராவது ஒண்ணாவது.

எழுதுறத வெயில் வந்தப்புறம்னு தள்ளிட்டேன். விடியக்காலை இப்ப படிக்க மட்டும், போர்வைக்கு வெளிய ஒரே ஒரு கை. தடி நாவலை அப்படிப் பிடிச்சா மணிக்கட்டு போயிடும், அதனால சிறுகதைத் தொகுப்பு, நாளுக்கு ஒண்ணு, பிடிச்ச வரிக்கு ஓரத்துல பென்சில் கோடு. நேத்து அப்படி கோடு போடுறப்பவே என் கதையோட மொத வரி வந்துடுச்சு, அங்கயே எழுதிட்டேன், லைப்ரரி புத்தகம்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அழிக்கணும்.