கொலைகாரனும் அநாதைக் குழந்தையும்: இந்தக் கதையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாருமற்ற ஒரு கொலைகாரன், பெற்றவர்களைப் பறிகொடுத்த ஒரு குழந்தை. இருவரையும் ஒரே வீட்டில் விட்டால் கதை தானாக நகரும் என்று நம்பித்தான் பலரும் எழுத உட்காருகிறார்கள். பார்த்த மாத்திரத்திலேயே கொலைகாரனின் மனம் இளகிவிடும். முதல் தவறு அதுதான்.

லூக் பெஸ்ஸோன் 1994இல் எடுத்த ‘லியோன்’ படத்தின் கதவுக் காட்சியைக் கவனியுங்கள். கடைக்குப் போய்வரும் சிறுமி மத்தில்டா, தன் குடும்பத்தைக் கொன்றவர்கள் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்க்கிறாள். நிற்காமல் நடந்து, அதே மாடியில் இருக்கும் கூலிக் கொலைகாரன் லியோனின் வீட்டு மணியை அழுத்துகிறாள். பையில் இருப்பது அவனுக்காக வாங்கிய பால். அவனோ கதவுத் துளை வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அவள் அழுதபடி மெல்லக் கெஞ்சுகிறாள், மறுபடி மணியை அழுத்துகிறாள். இவ்வளவு தயங்கியதால்தான் அவன் கதவைத் திறந்ததற்கு மதிப்பு. அப்புறமும் எல்லாம் சரியாகிவிடவில்லை. தூங்கும் அவள் தலைக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டிப் பார்க்கிறான்.

தனிமையை வசனத்தில் சொல்லாதீர்கள். லியோன் தினமும் ஒரு தொட்டிச் செடியைத் துடைத்து வைக்கிறான், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். போதும்.

குழந்தையின் துக்கத்தைப் பொதுவாக எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. மத்தில்டா அப்பாவுக்காக அழவில்லை. அவர் அடிப்பவர். நாலு வயதுத் தம்பியை ஏன் கொன்றார்கள் என்பதுதான் அவளை அறுக்கிறது. பழிவாங்கும் வெறி அங்கிருந்துதான் வருகிறது.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, குழந்தையைச் சின்ன உருவத்தில் இருக்கும் பெரியவளாக எழுதுவது. ‘லியோன்’ சறுக்குவதும் இங்கேதான். 12 வயதுச் சிறுமி அவனைக் காதலிப்பதாகச் சொல்வதைப் படம் நேசத்தோடு பார்க்கிறது. பிறகு வந்த நீளமான பதிப்பில் இது இன்னும் அதிகம். மத்தில்டாவாக நடித்த நடாலி போர்ட்மேன் 2018இல் ஒரு பெண்கள் பேரணியில் பேசினார். 13 வயதில் ஆவலோடு பிரித்த முதல் ரசிகர் கடிதத்தில், தன்னை வன்புணர்வதாக ஒரு ஆண் எழுதிய கற்பனை இருந்தது என்றார். அந்தக் குற்றம் கடிதம் எழுதியவனுடையது. ஆனாலும் கேமரா ஒரு குழந்தையை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு எழுதுபவரும் இயக்குபவரும்தான் பொறுப்பு. ஆதரவில்லாத குழந்தை, தன்னைக் காப்பாற்றியவரைப் பற்றிக்கொள்ளும்; அதற்குக் காதல் என்று பெயர் வைக்கவும் கூடும். அந்தக் குழப்பத்தை எழுதலாம். அதை அழகாக்கக் கூடாது, அவனும் அதில் மயங்கக் கூடாது.

கடைசியாக, கொலைகாரனைச் சாகடித்துவிட்டுக் குழந்தையை அம்போவென்று விடாதீர்கள். அவள் நாளைக்கு எங்கே சாப்பிடுவாள், எங்கே தூங்குவாள்? மத்தில்டாவுக்காக லியோன், தனக்கு வேலை கொடுக்கும் டோனியிடம் பணம் விட்டுப் போகிறான். அவள் சேரும் விடுதிப் பள்ளியும் திடீரென்று முளைக்கவில்லை. படத்தின் ஆரம்பத்திலேயே அங்கிருந்து போன் வருகிறது. அவளே அம்மா மாதிரிப் பேசி, மத்தில்டா செத்துவிட்டாள் என்று சொல்லி வைக்கிறாள்.