கௌபங்க் கேட்கப் புறப்படுகிறவர்கள் இடறும் இடங்கள்

கௌபங்க் என்றால் கண்ட்ரி இசையும், வேகமும் இரைச்சலுமான பங்க் ராக்கும் கலந்தது. கும்பகோணம் பக்கம் கிடார் வைத்திருக்கும் பையன்களிடம் 'கண்ட்ரி கலந்த பங்க்' என்று சொல்லிப் பாருங்கள். "நம்ம நாட்டுப்புறப் பாட்டு மாதிரியா அண்ணே?" என்பார்கள். முதல் இடறல் அங்கேயே. கண்ட்ரி என்பது 1920களிலேயே ரெக்கார்டு கம்பெனிகள் வியாபாரமாக்கிவிட்ட அமெரிக்க இசை. நடவுப் பாட்டின் அண்ணன் தம்பியைத் தேடிக்கொண்டு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

அடுத்தது, ஆல்பத்தின் அட்டையைப் பார்த்து முடிவுகட்டுவது. தொப்பி, பூட்ஸ், ஒரு கள்ளிச்செடி இருந்தால் கௌபங்க் என்று நினைத்துவிடுகிறோம். அடையாளம் தாளத்தில் இருக்கிறது. வேகமான பங்கில் டிரம்ஸ் 'டும் டக் டும் டக்' என்று மாறி மாறி விழும். கண்ட்ரியின் இரண்டடித் தாளமும் அதேதான், நடை மட்டும் நிதானம். அதன் மேல் பேஸ் கிடார் ச-வுக்கும் ப-வுக்கும் தாவிக்கொண்டே இருக்கும். எண்ணெயும் தண்ணீருமான இரண்டை யாரோ பிடித்துக் கட்டிவைத்தார்கள் என்பது தப்பு. கண்ட்ரியை விரட்டினாலே பாதி பங்க் வந்துவிடும். கண்ட்ரியில் வழக்கமாக வரும் பேன்ஜோ என்ற தந்தி வாத்தியத்தை மனசுக்குள் எடுத்துவிட்டுக் கேளுங்கள். அப்புறமும் குதிரை ஓடினால் சரக்கு அசல்.

கண்ட்ரியின் ஸ்டீல் கிடாரில் வழுக்கிக்கொண்டு போகும் கம்பி ஓசையைக் கேட்டதும் 'ஐயோ, இது நமக்கு ஒட்டாது' என்பவர்களும் உண்டு. தஞ்சாவூர்க் காது இப்படிச் சொல்லலாமா? திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டுவாத்தியத்தில் கட்டையைத் தந்தியின் மேல் நகர்த்தி வாசித்த ஊர் இது. ஸ்டீல் கிடாரில் கட்டைக்குப் பதில் உலோகத் துண்டு, அவ்வளவுதான். பெடல் ஸ்டீலில் மட்டும் ஒரு கூடுதல் வித்தை: காலாலும் முழங்காலாலும் ஒரு தந்தியின் சுருதியை ஏற்றும்போது பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்கும். இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கையில் ஒன்று மட்டும் நகர்ந்தால் அது பெடல் ஸ்டீல். அதில்லாத கௌபங்க்கும் நிறைய; சாதா எலெக்ட்ரிக் கிடாரிலேயே கம்பியை வளைத்து ஒப்பேற்றிவிடுவார்கள்.

புதுசு மட்டும் கேட்பேன் என்பது இன்னொன்று. இன்று கேசட்டில் பாட்டு வெளியிடும் கௌபங்க் பேண்டுகள் படித்த பள்ளிக்கூடம் 1980களில் இருக்கிறது: லாஸ் ஏஞ்சலஸின் தி கன் கிளப் (முதல் ஆல்பம் 1981), நாஷ்வில்லின் ஜேசன் அண்ட் தி ஸ்கார்ச்சர்ஸ், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து மீகான்ஸ். மூன்றையும் ஒரு மழைநாளில் கேட்டு முடித்துவிடலாம். கரகரப்பான பதிவைக் குறையாக நினைப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது பிடிக்காதவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

சரி, வாங்கும் கதைக்கு வருவோம். பேண்டுகள் நேரடியாகப் பாட்டு விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப்பில் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் தளத்துக்குப் போகும். அறிவிக்கப்பட்ட சில வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். 2020 மார்ச்சில் தொடங்கிய வழக்கம். நம்மவர்கள் வெள்ளி காலை காபியோடு உட்கார்ந்து பணம் கட்டிவிடுகிறார்கள். கணக்கு அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி. நமக்கு அது வெள்ளி மதியம் 12.30-க்கு (அங்கே குளிர்காலமானால் 1.30-க்கு) தொடங்கி சனி அதே நேரம் வரை. அவசரப்பட்டால் பேண்டுக்குப் போகவேண்டிய காசில் ஒரு பகுதி தளத்துக்குப் போய்விடும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறந்து வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இசைத்தட்டாக வாங்கினால் தபால் செலவு பல நேரம் தட்டின் விலையையே தாண்டும். நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைப்பது உத்தமம்.

வந்த தட்டை அக்னி நட்சத்திர வெயிலில் பைக் டேங்க் கவருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பொரித்த அப்பளமாக நெளிந்துவிடும். கேசட்டுக்கு எதிரி ஐப்பசி ஈரம். டேப்பில் வெள்ளைப் பூஞ்சை பூத்தால் பிளேயரின் ஹெட்டும் சேர்ந்து கெடும்.

நான் வாங்கிய முதல் 7 அங்குலத் தட்டு அமெரிக்காவில் அச்சானது. தாத்தாவின் பிளேயரில் வைத்தால் நிற்கவே இல்லை. நடுத்துளை 38 மில்லிமீட்டர். வீட்டிலிருந்த பழைய சினிமாப் பாட்டு இபி தட்டுகளுக்கோ சின்னத் துளை. நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் அடாப்டர் தனியாக விற்கிறது என்று அப்போது தெரியாது. லேத் பட்டறைக்குப் போய்ப் பித்தளையில் கடைந்து தரச் சொன்னேன். "எந்த மோட்டாருக்கு புஷ் தம்பி?" என்று கேட்டார் பட்டறைக்காரர். பாட்டு மிஷினுக்கு என்றதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். ஆனால் துல்லியமாகக் கடைந்து கொடுத்தார்.

சின்னத் தட்டு என்றால் நிமிஷத்துக்கு 45 சுற்றுதானே என்று 45-இல் ஓடவிட்டு, என்ன வேகம்டா என்று ஒரு வாரம் வியந்துகொண்டிருந்தேன். பங்க் ஆட்கள் பாட்டு நிறையக் கொள்ளட்டும் என்று 7 அங்குலத்தையே 33-இல் அச்சடிப்பதுண்டு. லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. 33-க்கு மாற்றிய பிறகுதான் அதில் பேன்ஜோ இருப்பதே தெரிந்தது. அதுவரை மாண்டலின் என்று நினைத்திருந்தேன்.