கதைப் புத்தகத்தைப் பாடப் புத்தகம் ஆக்காதீர்கள்

"முன்னெல்லாம் ஒரே ராத்திரியில் ஒரு நாவலை முடித்துவிடுவேன், இப்போது பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை." நாற்பதைத் தொட்ட நண்பர்களிடம் புத்தகப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில் வந்துவிடும். நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளி நாட்களில் ஊர்க் கிளை நூலகத்திலிருந்து வாரம் இரண்டு புத்தகம் எடுத்து வந்து படித்த எனக்கு, வேலை, குழந்தை என்று ஆனபிறகு ஒன்பது ஆண்டுகள் ஒரு புத்தகத்தைக்கூட முழுதாக முடிக்க முடியவில்லை. நடுவில் எத்தனையோ முறை முயன்றேன். ஒவ்வொரு முயற்சியும் ஏன் பாதியில் நின்றது என்று இப்போது யோசித்தால், பெரும்பாலான தவறுகளுக்கு ஒரே வேர்தான் தெரிகிறது.

"கதைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் படி!" இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. நம் வீடுகளில் 'படி' என்றால் பரீட்சைக்குப் படி என்றுதான் பொருள். கதைப் புத்தகம் அதற்கு எதிர்ப்பக்கம். ஒளித்து வைத்து, ஆசைக்காகப் படித்தது. நடுவயதில் திரும்பி வரும்போது நாம் அந்த ஆசைப் பக்கத்துக்கு வருவதில்லை. நல்ல பழக்கத்தை மீட்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுக்கொண்டு பரீட்சைப் பக்கமாக வருகிறோம். போர்ஷன் முடிப்பது போல, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை.

அப்படித்தான் பலரும் முதலில் இருப்பதிலேயே பெரிய புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள். 2022-இல் படம் வந்தபோது 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர். நானும் அவர்களில் ஒருவர். வாரத்துக்கு ஒரு பாகம் என்று கணக்குப் போட்டேன். இரண்டாம் பாகத்தின் நடுவில் சோர்ந்து நின்றுவிட்டேன். இவ்வளவு விறுவிறுப்பான கதையே ஓடவில்லை என்றால் இனி எதுவும் ஓடாது என்று அன்றைக்கு வருந்தியது நினைவிருக்கிறது.

ஆனால் அந்த நாவல் அப்படிப் படிப்பதற்காக எழுதப்பட்டதே இல்லை. 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், 'கல்கி' வார இதழில் தொடராக வந்தது. ஒவ்வொரு முடிச்சும் வாசகரை அடுத்த இதழ் வரை காத்திருக்க வைப்பதற்காகப் போட்டது. அந்த ஒரு வாரம் வீட்டிலும் திண்ணையிலும் அதைப் பற்றிப் பேசுவார்கள், பக்கத்து வீட்டுக்கு இதழ் கைமாறும். எங்கள் பாட்டி வீட்டில் இப்படிக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொடர்கதைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. கதை முடிகிற இடத்தில் பாதி விளம்பரமும் சேர்ந்து தைக்கப்பட்டிருக்கும். காத்திருந்து படித்த கதையை ஒரே மூச்சில் விழுங்கப் பார்த்தால் முடிச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அலுக்கத்தான் செய்யும். பிறகு நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் சாயங்காலத்தை எதிர்பார்த்தபடியே போயிற்று.

அடுத்தது, எடுத்ததை முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம். எல்லோரும் புகழ்ந்த ஒரு நாவல் என்னிடம் 112-ஆம் பக்கத்தில் ஏழு மாதம் கிடந்தது. அதை முடிக்காமல் இன்னொன்றைத் தொடுவது குற்றம் போலத் தோன்றியதால் அந்த ஏழு மாதமும் வேறு எதையும் படிக்கவில்லை. முப்பது நாற்பது பக்கம் போயும் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடுங்கள். அது எழுதியவருக்கு அவமரியாதை ஆகாது. ஆறு வருடம் கழித்து அதே புத்தகம் உங்களை இழுத்துக்கொண்டு போகலாம். சீர்காழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். உங்களுக்கான நூல் எது என்பதைக் காசு செலவழிக்காமல் தேடிப் பார்க்க நூலகத்தைப் போல நல்ல இடம் இல்லை. விலை கொடுக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுக்க மனம் தயங்காது.

அதே ரங்கநாதனின் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதத் தள்ளுபடியில் பை நிறைய வாங்கி வரும் சந்தோஷம் உண்மையானதுதான். ஆனால் படிக்காத அடுக்கு உயர உயர, அது கடன் பாக்கி போல முறைக்கத் தொடங்கும். மீண்டு வரும் காலத்தில் கையில் ஒன்று, அலமாரியில் இன்னொன்று போதும். வருடத்துக்கு ஐம்பது என்று இலக்கு வைப்பதையும் விட்டுவிடலாம். எண்ண ஆரம்பித்ததும் கை தானாகவே ஒல்லிப் புத்தகமாகத் தேடும்.

இனி நான் சொல்வதற்கும் பரீட்சைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. நாற்பதைத் தாண்டியவர் என்றால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். அந்த வயதில் கண்ணின் லென்ஸ் நெகிழ்வை இழப்பதால் பக்கத்தில் இருப்பது மங்கும். வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். இது ஒரே நாளில் வருவதில்லை என்பதால் நமக்குத் தெரிவதும் இல்லை. நான்கு பக்கத்தில் தலை கனக்கும், தூக்கம் வரும், புத்தகம் மெல்ல மெல்லக் கை நீளத்துக்குப் போகும். எனக்குக் கதையே சலித்துவிட்டது என்று நினைத்திருந்தேன். கண்ணாடி போட்ட அன்றைக்கு நாற்பது பக்கம் படித்தேன். வயது ஏற ஏற வெளிச்சமும் கூடுதலாக வேண்டும். கூரையில் இருக்கும் ஒற்றை விளக்கு போதாது, தோளுக்குப் பின்னால் ஒன்று வையுங்கள்.

படுக்கையில் மட்டும் படிப்பதும் தவறுதான். நாள் முழுக்க உழைத்த உடம்பு பத்தரை மணிக்குத் தூங்கத்தான் பார்க்கும், அதைப் போய் ஆர்வமின்மை என்று பெயர் வைக்கக் கூடாது. காலையில் இருபது நிமிடம் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. முதல் பத்து நிமிடம் மனம் அலையும். பொறுத்துக்கொண்டால் அப்புறம் அமரும்.

கடைசியாக, படித்ததையே திரும்பப் படிப்பது வீண் என்று நினைப்பது. பாடத்தைத்தான் ஒருமுறை முடித்தால் மூடிவிடலாம். பதினைந்து வயதில் பிடித்த கதையை இப்போது எடுத்தால் அன்றைய பரவசம் அப்படியே வராது, வர வேண்டியதும் இல்லை. அன்று கதாநாயகன் பின்னால் ஓடினோம். இன்று அவனுடைய அப்பா பேசும் இரண்டு வரியில் கண் நின்றுவிடும்.

எனக்குத் திருப்பம் வந்ததும் பழைய கதையால்தான். மகளுக்கு ஏழு வயது இருக்கும். அம்மா வீட்டுப் பரணில் இருந்து அம்புலிமாமா இதழ்கள் கொஞ்சம் எடுத்து வந்து, ராத்திரியில் அவளுக்கு விக்கிரமன் வேதாளம் கதைகளைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். ஒரு நாள் கதையின் நடுவிலேயே தூங்கிவிட்டாள். வேதாளம் கேட்ட கேள்விக்கு விக்கிரமன் என்ன பதில் சொன்னான் என்று எனக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. விளக்கை அவள் முகத்தில் படாமல் திருப்பி வைத்துவிட்டு மீதியைப் படித்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆசைப்பட்டு நான் படித்த நான்கு பக்கங்கள் அவை. அதற்கு அடுத்த கதையையும் படித்துவிட்டுத்தான் விளக்கை அணைத்தேன்.